கயிறு பிடிக்கிற மச்சான்

(தலைப்பு: "கடலிலும் சாலையிலும் மனிதனைப் பத்திரமாகக் கரைசேர்ப்பது அனுபவ அறிவே! அறிவியல் கருவியே!" தூத்துக்குடி மேடையில், கருவி அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் கண்கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிற எதிரணி அம்மா அவர்களே, கடற்காற்றையும் கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் மணலில் உட்கார்ந்திருக்கிற தூத்துக்குடிப் பெருமக்களே, வீட்டில் சீரியலைத் தியாகம் செய்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

அம்மா என்ன சொன்னாங்க? "எங்க தாத்தா காத்தை மோந்து பார்த்தே மழை வருமா வராதான்னு சொல்லிடுவார்"னு சொன்னாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா எங்க தாத்தாவும் அதே ஆள்தான். ஆனா நடுவர் அவர்களே, ஒரு சந்தேகம். தாத்தா மோந்து பார்த்துச் சொன்னது யாருக்குக் கேட்டது? அவர் படகில் இருந்த ஆறு பேருக்குக் கேட்டது. முப்பது மைல் தள்ளி, அதே கடலில், அனுபவம் பத்தாத ஒரு சின்னப் பையன் வலை போட்டுக்கிட்டு இருந்தானே, அவனுக்குக் கேட்டதா? (கைதட்டல்)

கேட்கவில்லை. அதுதான் என் கட்சி. அனுபவம் பெரிசு, ஒத்துக்கறேன். ஆனால் அந்த அனுபவம் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கும், கடலிலிருந்து கரைக்கும் போக ஒரு கயிறு வேணும்.

கயிறுன்னு ஏன் சொல்றேன் தெரியுமா? இது முத்துக்குளித்துறை. இங்கே 1961 வரைக்கும் அரசாங்கமே முத்துக்குளிப்பு நடத்தியது. குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏழு பாகம், எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவான். மூச்சு ஒரு நிமிஷம் தாங்கும், பழகின ஆளுக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும். கீழே அவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் மேலே வள்ளத்தில் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கணும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள் என்றால், மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று எங்க ஊரில் சொல்வார்கள். அண்ணன் தம்பி கையில் கொடுத்தால் சொத்துத் தகராறு இருக்கும். (சிரிப்பு) மச்சான் என்றால் விடமாட்டான். விட்டால் தாலி அறுவது அவன் தங்கச்சிக்கு!

நடுவர் அவர்களே, கீழே இறங்கினவன் வைத்திருப்பது அனுபவம். மேலே நிற்பவன் கையில் இருப்பது தொடர்பு. தொடர்பில்லாத அனுபவத்தை நம்பி எந்தக் குளியாளியும் கடலில் இறங்கவில்லை. (பலத்த கைதட்டல்)

இப்போ நம்ம படகுக்கு வருவோம். தூத்துக்குடி விசைப்படகு விடியக்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்புகிறது. பக்கத்தில் தருவைகுளம். அங்கே வலைக்குப் போகிற படகு பத்து நாள், இருபது நாள் தங்கி, குமரி முனையைச் சுற்றி அரபிக்கடல் வரைக்கும் போகும். கரையை விட்டுப் பத்துப் பதினைந்து மைல் போனதும் கையில் இருக்கிற செல்போன் என்ன ஆகும்? நேரம் பார்க்கிற கடிகாரம் ஆகும். இன்னும் கொஞ்ச தூரம் வரைக்கும் வி.எச்.எஃப். வாக்கி டாக்கி பேசும். அதுவும் இருபது, இருபத்தைந்து கடல் மைலோடு சரி. ஏன்? நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன், ரெண்டே வரியில் சொல்லிடறேன். அந்த அலை நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. நேராகப் போகிற அலை வளைந்து கீழே இறங்கித் தேடிக்கொண்டு வராது. அதனால் கோபுரத்தை எவ்வளவு உயரமாகக் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போய், கடைசியில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் கட்டினான் மனுஷன். அதுக்குப் பேர்தான் செயற்கைக்கோள். (கைதட்டல்)

இங்கே எதிரணி ஐயா ஒருத்தர் குறுக்கே கேட்டார்: "அதான் எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கே, அப்புறம் என்ன?" நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் நினைச்சிக்கிட்டு இருக்கோம். ஐயா, ஜி.பி.எஸ். ஒரு காது. மேலே இருக்கிற கோள்கள் நேரம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்க பெட்டி அதைக் கேட்டுக் கணக்குப் போட்டு, "நீ இங்கே நிக்கிற" என்று உங்களுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான். அதுக்கு வாய் கிடையாது. நீங்க இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா? (சிரிப்பு) சில பேருக்கு அதுதான் வசதி என்று முன்வரிசை அண்ணாச்சி முகத்தில் தெரிகிறது! (பலத்த சிரிப்பு)

இன்னொன்று சொல்கிறேன், எதிரணிக்கு இனிப்பாக இருக்கும். நம்ம பெரியவர்கள் "கணியம்" பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் பனைக்கூட்டமும் ஒரு நேரில் வரணும், மாதா கோவில் உச்சியும் மலையும் இன்னொரு நேரில் வரணும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் பார் இருக்கும், மீன் இருக்கும். தெரிந்த இடங்களை வைத்துத் தெரியாத இடத்தைக் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோள் செய்வதும் அதையேதான். கோபுரத்துக்குப் பதில் நாலு கோள். கோட்டுக்குப் பதில் தூரம். ஆக, அனுபவத்துக்கும் அறிவியலுக்கும் சண்டையே இல்லை, பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும். கரை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கணியம் பேசும். கரை மறைந்த பிறகு? கோபுரம் தெரியாதே!

இப்போது சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. ஒக்கி.

2017 நவம்பர் 29 ராத்திரி. இலங்கைக்குப் பக்கத்தில் இருந்த காற்றழுத்தம் 30-ஆம் தேதி காலையில் கன்னியாகுமரிக்கு அருகே புயலாகிவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள். கரையில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்னாலேயே போயிருந்தன. அவற்றில் இருந்தவர்கள் சாதாரண ஆட்களா? ஆழ்கடல் மீன்பிடிப்பில் இந்தியாவிலேயே பெயர் பெற்றவர்கள். சுறா பிடிக்கிறவர்கள். அனுபவம் இல்லையா அவர்களுக்கு? அம்மாவின் தாத்தா மாதிரி நூறு தாத்தா அந்தப் படகுகளில் இருந்தார்கள். ஆனால் "புயல் வருது, திரும்பு" என்று ஒரு வார்த்தை அங்கே போய்ச் சேர வழி இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான பேரைக் கடல் கொண்டுபோனது. பிழைத்த படகுகள் காற்று தள்ளின திசையில் போய், லட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்திலும் ஒதுங்கின. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தெரிய எத்தனை நாள் ஆனது தெரியுமா?

செத்துப்போனார் என்றால் அழுதுவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் தெரியாமல், சமைத்த சோற்றை என்ன செய்வது என்றும் தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் காணாமல் போனால், இறந்தார் என்று எடுத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் ஏழு வருஷம் கேட்கிறது. ஏழு வருஷம்! நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாத ஏழு வருஷம். அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் "அனுபவம் போதும், கருவி வேண்டாம்" என்று எதிரணி சொல்லட்டும், நான் இந்த மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். (அமைதி, பிறகு கைதட்டல்)

சரி, அறிவியல் என்ன செய்தது? உடனே எல்லாம் செய்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தத்தித் தத்தித்தான் வந்தது. 2010-லேயே இஸ்ரோ ஒரு அபாயக் கருவி கொடுத்தது. டாட் என்று சொல்வார்கள். ஆபத்து வந்தால் பொத்தானை அமுக்கு, செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகும். நல்ல கருவி. ஆனால் அதற்கு வாய் மட்டும்தான், காது இல்லை. அமுக்கினவனுக்குத் தன் சத்தம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. முழுகுகிற படகில் நின்றுகொண்டு அமுக்கிக்கொண்டே இருக்கணும்.

ஒக்கிக்கு அப்புறம் 2019 அக்டோபரில் ஜெமினி என்று ஒரு பெட்டி வந்தது. நம்ம ஜெமினி கணேசன் இல்லை. (சிரிப்பு) ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்தது. விமானங்களுக்கு வழிகாட்ட வைத்திருந்த ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கிற இடம் எல்லாம் படகுக்கு வரும். பெட்டியிலிருந்து செல்போனுக்கு வந்து எழுத்தாகத் தெரியும். அருமை. ஆனால் இதற்குக் காது மட்டும்தான், வாய் இல்லை! முதல் மாப்பிள்ளை பேசுவார், கேட்கமாட்டார். இரண்டாவது மாப்பிள்ளை கேட்பார், பேசமாட்டார். (சிரிப்பு) அநேகமாகக் கல்யாணம் ஆனவர்! (பலத்த சிரிப்பு)

அப்புறம்தான் வாயும் காதும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறை டாட் வந்தது. பொத்தானை அமுக்கினால், "கிடைத்தது, ஆள் வருகிறது" என்று பதில் வரும். நடுக்கடலில் அந்த ஒரு வரியின் விலை என்ன என்று கடலுக்குப் போனவரைக் கேளுங்கள். அதற்கு அடுத்தது, படகோடு நிரந்தரமாகப் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த 364 கோடி ரூபாயில் ஒரு திட்டம். 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்னாலேயே ஐயாயிரத்தை ஒட்டிய விசைப்படகுகளுக்கு என்று இந்த வேலை ஆரம்பமானது. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குத் தெரியும். கரையிலிருந்து செய்தி போகும், படகிலிருந்து பதில் வரும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போனால் எச்சரிக்கும். செல்போன் கோபுரமே இல்லாத இடத்தில் இத்தனையும்.

எல்லைக்கோடு என்று சொன்னதும் எதிரணியில் ஒரு புன்னகை தெரிந்தது. வருகிறேன். அவர்கள் வைத்த பெரிய வாதமே அதுதானே? "இது பாதுகாப்புக் கருவி இல்லை, வேவு பார்க்கிற கருவி. அரசாங்கம் மீனவனைக் கண்காணிக்கத்தான் இதைக் கட்டுகிறது." நடுவர் அவர்களே, இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். மீனவனுக்கு அவன் மீன் பிடிக்கிற இடம்தான் சொத்து. பாட்டன் கண்டுபிடித்த பாரை அப்பன் மகனுக்கு மட்டும்தான் சொல்லுவான். அதை ஒரு பெட்டி மேலே இருக்கிற கோளுக்குச் சொல்கிறது என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தத் தகவல் யார் கையில் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், பக்கத்துப் படகுக்காரனுக்குத் தெரியுமா என்று சங்கத்தில் கேள்வி கேட்கவேண்டியது நியாயம். கேட்கணும். ஆனால் கருவியே வேண்டாம் என்று அணைத்து வைப்பது, திருடன் வருவானோ என்று பயந்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு உள்ளே தீப்பிடிக்கும்போது முழிக்கிற கதை.

இன்னும் சொல்கிறேன். இதே தருவைகுளத்து மீனவர்கள் 12 பேர், 2023 அக்டோபரில் மாலத்தீவுக் கடலோரக் காவல்படையிடம் படகோடு பிடிபட்டார்கள். கோடிக்கணக்கில் அபராதம். கடலில் சுவரா இருக்கிறது? வேலியா இருக்கிறது? நமக்கும் இலங்கைக்கும் நடுவே 1974-லும் 1976-லும் காகிதத்தில் போட்ட கோடு தண்ணீரில் தெரியுமா? நீரோட்டம் தள்ளும், இயந்திரம் நிற்கும், ராத்திரி தூக்கத்தில் படகு நகரும். கோட்டுக்கு முன்னாலேயே "ஏலே, நில்லு"ன்னு ஒரு குரல் கேட்டால் அது வேவா, உதவியா? அது மட்டுமில்லை. நாளைக்கு ஒருத்தன் "நீ எல்லை தாண்டினாய்" என்று பிடித்தால், "இதோ பார், என் படகு நின்ற இடம்" என்று காட்ட நமக்கும் ஒரு பதிவு இருக்கும். இன்றைக்கு நம் பேச்சை நம்ப யார் இருக்கிறார்கள்? (கைதட்டல்)

இப்போ சாலைக்கு வரேன். தலைப்பில் சாலையும் இருக்கிறதே.

எதிரணி இளைஞர் ஒருத்தர் ஓட்டுநர் இல்லாத காரைக் கிண்டல் பண்ணினார். "அமெரிக்காவில் ஆளில்லாத கார் நடுரோட்டில் நின்றுவிட்டது, நம்ம டிரைவர் அண்ணன் இருந்தால் நிற்குமா?" என்றார். உண்மைதான். 2023 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் கம்பெனியின் பத்துக் கார் தெருவில் வரிசையாக நின்று வழியை அடைத்தன. ஏன் நின்றன என்று இளைஞர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அன்றைக்கு ஊரில் ஒரு பெரிய இசைவிழா. வந்த கூட்டம் மொத்தமும் செல்போனை எடுத்துப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. கோபுரம் திணறியது. குழப்பம் வந்தால் அந்தக் கார் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் "அண்ணாச்சி, இப்போ என்ன செய்ய?" என்று கேட்கணும். கேட்க லைன் கிடைக்கவில்லை! கம்பெனி சொன்ன காரணமே அதுதான். (சிரிப்பு) ஆக, கார் நின்றதற்குக் காரணம் அறிவியல் அதிகமானது இல்லை, கயிறு அறுந்தது.

அதனால்தான் வண்டிகளுக்கும் வானத்திலிருந்து ஒரு இரண்டாவது கயிறு வேண்டும் என்று உலகம் ஓடுகிறது. சீனாவில் ஜீலி என்று ஒரு கார் கம்பெனி, 2022 ஜூனில் தன் வண்டிகளுக்காகவே ஒன்பது செயற்கைக்கோளை மேலே அனுப்பியது. கார் செய்கிற கம்பெனி ராக்கெட்டில் ஏறிவிட்டது!

இதிலும் பௌதிகம் ஒன்று உண்டு, கவனியுங்கள். நான் சொன்ன அந்த 36,000 கிலோமீட்டர் கோள் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி தெரியும், நம்ம கலங்கரை விளக்கம் போல. ஆனால் தூரம் அதிகம். கேள்வி மேலே போய்க் கீழே வர கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி. அரை விநாடிதானே என்று நினைக்கலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரி அரை விநாடியில் எட்டு மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஆடு வந்தால் "பிரேக் போடவா?" என்று வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆடு பிரியாணிதான். (சிரிப்பு) அதனால் 550 கிலோமீட்டர் உயரத்தில், ஆயிரக்கணக்கில் சின்னக் கோள்களைச் சுற்ற விடுகிறார்கள். ஒன்று தலைக்கு மேல் போனதும் அடுத்தது வரும், நம்ம ஊர் மினி பஸ் மாதிரி. ஆனால் மினி பஸ்ஸைவிடச் சரியான நேரத்துக்கு வரும். (சிரிப்பு) ஸ்டார்லிங்க் அந்த வகை. இந்தியாவில் அதற்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. அப்போதும் பிரேக் போடுகிற மூளை வண்டியிலேயே இருக்கணும். மேலே இருக்கிற கயிறு, நான் இங்கே இருக்கிறேன், எனக்கு இப்படி ஆகிவிட்டது, முன்னால் வெள்ளம் இருக்கிறதா என்று பேசத்தான்.

அந்த வெள்ளம் என்ற வார்த்தையைத் தூத்துக்குடி மேடையில் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில்! தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மின்சாரம் போனது, போகப்போக செல்போன் கோபுரங்களும் போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னை போகிற ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. அந்தத் தகவல் நேரத்துக்குக் கிடைத்து, நிலைய அதிகாரி வண்டியை நிறுத்தினார். எதிரணி நண்பர்கள் இதை அனுபவத்தின் கணக்கில் எழுதுவார்கள். எழுதட்டும், அந்த மனிதருக்கு நானும் கை கூப்புகிறேன். ஆனால் தகவல் வந்தது, அதனால் நிறுத்தினார். தகவல் வராமல் இருந்திருந்தால்? 1964 டிசம்பரில் இதே மன்னார் வளைகுடாவின் அந்தக் கோடியில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலுக்குத் தகவல் வரவில்லை. கடல் அந்த ரயிலை ஆட்களோடு எடுத்துக்கொண்டது.

ஸ்ரீவைகுண்டத்தில் உயிர் பிழைத்தார்கள். அப்புறம் இரண்டு நாள் தண்ணீருக்கு நடுவே இருந்தார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். அந்த நாட்களில் இந்த மாவட்டத்தில் போன் போட்டுப் போட்டுப் பார்த்து விரல் தேய்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்? கை தூக்குங்க. (பலர் கை தூக்குகிறார்கள்) பாருங்க நடுவர் அவர்களே. எங்க வீட்டிலும் அப்படித்தான். என் மாமியார் ஏரல் பக்கம். மூன்று நாள் அவங்களிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. மாமியார் மூன்று நாள் பேசாமல் இருந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே மருமகன் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) தரையில் இருக்கிற கோபுரம் தரைக்கு வருகிற வெள்ளத்தில் விழும். வானத்தில் இருக்கிற கோபுரத்துக்குத் தாமிரபரணி ஏறாது.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் அடிக்கவில்லை. வேகமாகச் சொல்கிறேன்.

2022-இல் மேஃபிளவர் என்று ஆளே இல்லாத ஒரு கப்பல் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. எதிரணித் தலைவர் அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிச் சிரித்தார். "ஆளில்லாத கப்பல் ரிப்பேர் பண்ண ஆள் தேடி அசோர்ஸ் தீவுக்குப் போச்சு!" ஆமாம், போனது. ஜெனரேட்டரில் கோளாறு. தலைவர் அவர்களே, கப்பலில் ஒரு குஞ்சு குளுவான் கூட இல்லை. ஜெனரேட்டர் கெட்டது எப்படிக் கரைக்குத் தெரிந்தது? "அந்தத் தீவுக்குத் திரும்பு" என்று எப்படிச் சொன்னார்கள்? கிளிக்கு எழுதிக் கட்டி விட்டார்களா? (சிரிப்பு) வானத்து வழியாகத்தானே! உங்க உதாரணம் எங்க கட்சிக்கு வேலை செய்கிறது, நன்றி. அந்தக் கப்பல் அமெரிக்கா போக வேண்டியது, முதலில் கனடாவில் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது. ஊர் மாறினாலும் கரை சேர்ந்தது.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1906-இல் இந்த ஊரிலிருந்து வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கினார் வ.உ.சி. அந்த ஊருக்குப் பக்கத்தில், குலசேகரப்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? அங்கிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். சின்னக் கோள்களை ஏவும் சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிசு. தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகிற ஊருக்கு இனி ராக்கெட் பார்க்கவும் போகலாம். நம்ம படகோடு பேசுகிற கோள் ஒன்று நம்ம கரையிலிருந்தே கிளம்புகிற நாள் வரலாம்.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ஒரே நிமிஷம் ஐயா, எதிரணியின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் ஓடிப்போனான் என்பார்கள். "உப்புத் தண்ணி பட்டு, பேட்டரி இறங்கி, கருவி செத்துப்போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். அப்போது தாத்தாவைக் கேட்பேன்! (சிரிப்பு) தாத்தாவைக் கடலில் தள்ளிவிடச் சொல்லி நாங்கள் எப்போது சொன்னோம்? ஆனால் கருவி சாகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், வலையைப் பொத்துகிறோம், இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறோம். அந்தச் சின்னப் பெட்டியையும் துடைத்து, வாரம் ஒருமுறை வேலை செய்கிறதா என்று பார்த்தால் என்ன?

எனக்கு அரசாங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு, இந்த ஒளிபரப்பை அவர்களும் பார்ப்பார்கள். பெட்டி கொடுத்தால் மட்டும் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தன் பொத்தானை அமுக்கினால் கரையில் விழித்திருக்கிற ஆள் வேணும். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியணும். "எங்கல நிக்கே, எத்தனை பேருல இருக்கிய?" என்று கேட்டால் நம்ம ஆள் பதில் சொல்லுவான். அறிவிப்பு எழுத்து, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பெரியவருக்கும் தெரிகிற மாதிரி பெரிசாக இருக்கணும். கெட்டுப்போன பெட்டியைச் சரிசெய்ய ராமேசுவரம், சென்னை என்று அலைய விடாமல் மீன்பிடித் துறைமுகத்திலேயே ஒரு ஆள் உட்காரணும்.

(நடுவர் மறுபடியும் மணி அடிக்கிறார்.)

முடித்துவிட்டேன் ஐயா. மச்சான் தூங்கினால் குளியாளி என்ன செய்வான் என்ற கேள்வியை மட்டும் எதிரணிக்கு வைத்துவிட்டுப் போகிறேன், அடுத்து வருகிற அம்மா பதில் சொல்லட்டும்.

(பலத்த கைதட்டல்)